54 மேட்ச்தானா?

சனிக்கிழமை விருந்தில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கான ஏஎஃப்எல்-இல், டக் நிக்கல்ஸ் என்ற பழங்குடி ஆட்டக்காரர் பெயரில் ஒரு ரவுண்டு நடக்கிறது. அதைப் பற்றி ஒரு நண்பர் சொன்னார்: "மொத்தமே 54 மேட்ச் ஆடின ஆளு பேர்ல ஏஎஃப்எல்-ல ஒரு ரவுண்டே நடத்துறாங்க. எல்லாம் கோட்டா அரசியல்." அங்கே எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

54 சரிதான். மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் கிளப்புக்காக, 1932 முதல் 1937 வரை. ஆனால் டக் நிக்கல்ஸ் கார்ல்டன் கிளப்பில் இடம் கேட்டுப் போனது 1927-இல், இருபது வயதில். அந்தக் கறுப்பு உடம்பைத் தொட்டுக் கால் பிடித்துவிட மாட்டோம் என்றார்கள். நாற்றம் என்றார்கள். வெளியே வந்து, வேறொரு லீக்கில் இருந்த நார்த்கோட் கிளப்புக்கு விங்கில் ஆடினார். ஐந்தடி இரண்டங்குல மனுஷன். 1929-இல் நார்த்கோட் அந்த லீக்கின் சாம்பியன் பட்டத்தை ஜெயித்தது. அதே வருஷம் வாரக்னபீல் ஓட்டப்பந்தயத்திலும் அவர்தான் முதல். அந்த வேகம் காலில் இருந்த ஐந்து வருஷத்தைப் பெரிய லீக் அவருக்குக் கொடுக்கவில்லை. 54 என்று சொல்கிற வாய் 1927 என்றும் சொல்ல வேண்டும்.

"அப்போ அதே கிளப்ல ஆடின ஹெய்டன் பன்டன் பேர்ல ஏன் நடத்தல? வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரருக்குத் தர்ற பிரவுன்லோ மெடலை மூணு தடவை வாங்கினவராச்சே!" என்பீர்கள். மகா ஆட்டக்காரர், மறுக்கவே இல்லை. ஃபிட்ஸ்ராய் உடைமாற்றும் அறையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த நிக்கல்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரே அவர்தான். அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. 1935-இல் விக்டோரியா மாநில அணியிலும் நிக்கல்ஸ் ஆடினார். ஆடத் தெரியாதவரையா எடுத்தார்கள்?

எங்கள் அப்பாவுக்கு ஊர் சலூனில் முடி வெட்ட மாட்டார்கள். பஸ் ஏறி டவுனுக்குப் போவார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். கடைக்காரர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். அப்பா வேறு ஊர்ப் பெயரைச் சொன்னார். துண்டைப் போர்த்தி, பிடரியில் கை வைத்து அவர் தலையைக் குனியவைத்த பிறகுதான் அப்பா மூச்சு விட்டார்.

"ஃபுட்பால் பேசும்போதும் சாதியா?" ஆமாம். தொட மாட்டேன் என்பது மெல்போர்னில் நடந்தால் வரலாறு, நம்மூரில் நடந்தால் பேசக் கூடாத பேச்சா? இந்த சலூன் கதையை உங்களிடம் நானே சொல்லியிருக்கிறேன், நண்பரே. தெரிந்தும் என் முன்னாடியே கோட்டா என்றீர்கள். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

ஆட்டம் முடிந்தபின் நிக்கல்ஸ் பாதிரியாரானார், பழங்குடிகளையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கச் சொன்ன 1967 வாக்கெடுப்புக்காக ஊர் ஊராகப் பேசினார், 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னரானார். மெல்போர்ன் பார்லிமென்ட் கார்டன்ஸ் பூங்காவில் மனைவி கிளாடிஸோடு அவருக்குச் சிலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நீங்களும் வாருங்கள், அங்கே வைத்துப் பேசுவோம்.