65 சதவீதம் ‘ஆம்’ என்றாலும் தோல்விதான்

கலிபோர்னியாவின் அலமீடா கவுண்டியிலிருந்து (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சொத்து வரி பில் வந்தால் போதும், ஃப்ரீமான்ட் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஆண்டுதோறும் ஒரே புலம்பல்தான். “யாரைக் கேட்டு பார்ட் ரயிலுக்கு நம் தலையில் வரி போட்டார்கள்?”

பார்ட் என்பது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஓடும் நகர ரயில். வரியை ஊரைக் கேட்டுத்தான் போட்டார்கள். 2016 நவம்பரில் மெஷர் ஆர்.ஆர். என்று, மக்களே நேரடியாக ஓட்டுப் போட வேண்டிய தீர்மானம் ஒன்று வாக்குச்சீட்டில் இருந்தது. பார்ட் 350 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்பது கேள்வி. சான் பிரான்சிஸ்கோ, அலமீடா, கான்ட்ரா கோஸ்டா ஆகிய மூன்று கவுண்டிகளையும் சேர்த்து 70 சதவீதம் பேர் சரி என்றார்கள். பில்லை எடுத்துப் பாருங்கள். 1 சதவீத அடிப்படை வரிக்குக் கீழே, பள்ளிக்கூடம், பூங்கா என்று பொடிப்பொடியாக வருகிற கணக்குகளுக்கு நடுவில் பார்ட் என்று ஒன்று இருக்கும். அதில் பெரும்பங்கு இந்தக் கடனை அடைக்கத்தான் போகிறது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் விகிதத்தைப் பார்த்தால், தசமப் புள்ளிக்கு அப்புறம் ஒன்றிரண்டு சுழியமாவது வந்த பிறகுதான் எண்ணே தொடங்கும். புலம்பும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

பணம் எதற்கு என்றும் அன்றே சொன்னார்கள். பார்ட் ஓடத் தொடங்கியது 1972-இல். தேய்ந்துபோன 90 மைல் தண்டவாளத்தை மாற்றுவது, பழைய மின்கம்பிகள், சுரங்கங்களின் பழுது, ரயில்களைக் கட்டுப்படுத்தும் சிக்னல் முறை, இவைதான் பட்டியல். பளபளப்பாக ரிப்பன் வெட்ட ஒன்றும் கிடையாது. அந்த ஆண்டு மார்ச்சில் ட்விட்டரில் பயணிகள் திட்டித் தீர்த்தபோது, பார்ட்டின் ட்விட்டர் பக்கத்தை நடத்தியவரே, எங்கள் அமைப்பில் பெரும்பகுதிக்கு ஆயுள் முடிந்துவிட்டது, இதுதான் நிலைமை என்று போட்டு உடைத்துவிட்டார். அரசு நிறுவனம் ஒன்று அப்படி ஒப்புக்கொண்டு நான் அதிகம் பார்த்ததில்லை. (போகிற போக்கில் ஒரு தகவல்: பார்ட் தண்டவாளத்தின் அகலம் ஐந்தடி ஆறு அங்குலம். அமெரிக்க ரயில்களின் அகலம் அல்ல, நம் ஊர் பிராட்கேஜ் அகலம்.)

“கடன் வாங்கியா ரயில் விடுவது?” என்று ஒரு நண்பர் கேட்டார். அவரே 30 வருடக் கடனில்தான் வீடு வாங்கியிருக்கிறார். வீட்டில் குடியிருந்துகொண்டே அதன் விலையைக் கட்டுவது எப்படியோ, அப்படித்தான் இதுவும். இன்று போடும் தண்டவாளத்தில் இன்னும் பல ஆண்டுகள் ஆட்கள் போவார்கள், அவர்களும் பங்கு கட்டட்டும். வட்டி சேர்ந்தால் தொகை ஏறும், உண்மைதான். ஆனால் ரயில் பாதையைக் கைக்காசு சேர்த்துவைத்து யாரும் புதுப்பிப்பதில்லை.

எதிர்த்தவர்களின் வாதத்தில் சரக்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அன்றைய மாநில செனட்டர் ஸ்டீவ் கிளேசர் இதை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். இந்த வகைக் கடன் பணத்தைச் சம்பளத்துக்குத் தொட முடியாது, கட்டுமானத்துக்கு மட்டும்தான். சரி, கட்டுமானத்துக்குக் கடன் வந்துவிட்டால், அதுவரை அதற்குப் போய்க்கொண்டிருந்த பணம் கையில் மிஞ்சி சம்பளத்துக்குப் போகாதா என்றார். 2013-இல் இரண்டு முறை வேலைநிறுத்தம் நடந்து ஊரே தவித்திருந்தது, அதனால் பேச்சு எடுபட்டது. போதாக்குறைக்கு, பார்ட்டுக்கென்று நியமித்த முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் (போலீஸ் அல்ல, நிர்வாகத்தைக் கண்காணிக்கும் அதிகாரி), நிர்வாகக் குழுவும் தொழிற்சங்கங்களும் தன் வேலைக்கு முட்டுக்கட்டை போடுவதாகச் சொல்லிவிட்டு 2023-இல் விலகினார். இதையெல்லாம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் நிர்வாகத்தின் மேல் இருக்கும் கோபத்தைத் தண்டவாளத்தின் மேல் காட்டி என்ன பயன்?

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு ஒன்றின் மேல். மூன்றில் இரண்டு பங்கு விதி.

கலிபோர்னியாவில் ஒரு நகரமோ கவுண்டியோ இப்படிக் கடன் வாங்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் ஓட்டு கிடைத்தால் போதாது, மூன்றில் இரண்டு வேண்டும். ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் அதை ஈடுகட்ட இரண்டு பேர் ‘ஆம்’ சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 2022 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். முனி என்கிற நகரப் போக்குவரத்தின் பஸ், டிராம் பணிமனைகளுக்கும் சாலைப் பாதுகாப்புக்குமாக 40 கோடி டாலர் கடன் பத்திரம், புரொப்பசிஷன் ஏ என்ற தீர்மானம். 65 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். தோற்றுப்போனது. அதே நாள், அதே வாக்குச்சீட்டில், மாவட்ட அரசு வழக்கறிஞர் செசா பூடினைப் பதவியிலிருந்து இறக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். 55 சதவீதம் பேர் இறக்கலாம் என்றார்கள், இறக்கிவிட்டார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரைப் பாதி வழியில் வீட்டுக்கு அனுப்ப 55 போதும், பஸ் பணிமனையைச் சரிசெய்ய 65 போதாது! பள்ளிக்கூடக் கடன்களுக்கு 2000-ஆம் ஆண்டிலேயே 55 போதும் என்று மாற்றிவிட்டார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸுக்கு மட்டும் தனி நியாயம்.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை கூடும். பார்ட்டைக் கட்டலாமா என்று 1962 நவம்பரில் இந்த மூன்று கவுண்டிகளில் ஓட்டு எடுத்தார்கள். 79.2 கோடி டாலர் கடன் பத்திரம். அதற்கு முன்பே சட்டமன்றம் வரம்பை 60 சதவீதமாகக் குறைத்து வைத்திருந்தது. கிடைத்தது 61.2. மூன்றில் இரண்டு என்றே விட்டிருந்தால் இன்று பார்ட்டே இல்லை. வளைகுடாவுக்கு அடியில் ரயில் போகும் சுரங்கக் குழாயும் இல்லை, எல்லோரும் பே பிரிட்ஜில் காரோடு நிற்க வேண்டியதுதான்.

இதை மாற்ற 2024 நவம்பரில் ஒரு வாய்ப்பு வந்தது. புரொப்பசிஷன் 5, உள்ளூர்க் கடன்களுக்கும் 55 போதும் என்பது. மாநிலம் முழுக்க 55 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போக்குவரத்து, தீயணைப்பு போன்றவற்றோடு வீட்டுவசதியையும் ஒரே மூட்டையாகக் கட்டியது தப்புக் கணக்கு என்பது என் அபிப்பிராயம். வீட்டுவசதி என்றதும் இங்கே பாதிப் பேருக்கு அடிவயிற்றில் புளியைக் கரைக்கும்.

நம்மவர்கள் புலம்ப நியாயமான இடம் ஒன்று உண்டு, அங்கேதான் யாரும் புலம்புவதில்லை. இந்த வரி வீட்டின் இன்றைய விலைக்கு அல்ல, கவுண்டி பதிந்து வைத்திருக்கும் மதிப்புக்கு. 1978-இல் வந்த புரொப்பசிஷன் 13-இன்படி அந்த மதிப்பு வாங்கிய விலையில் தொடங்கி, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நீங்கள் போன வருடம் 15 லட்சம் டாலருக்கு வாங்கியிருப்பீர்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா எண்பதுகளில் வாங்கியது, பதிவில் 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெரு, ஒரே ஸ்டேஷன், நீங்கள் கட்டுவது ஐந்து மடங்கு. அதிலும் எச்1பி-யிலோ கிரீன் கார்டிலோ இருந்தால் உங்களுக்கு ஓட்டும் கிடையாது. “அண்ணா, வரி எனக்கு, ஓட்டு அவருக்கா?” என்று குழுவில் ஒரு தம்பி கேட்டான். ஆமாம் தம்பி, அப்படித்தான். இதைச் சரிசெய்ய புரொப்பசிஷன் 13-ஐயே தொட வேண்டும். அதைத் தொட்டுப் பிழைத்த அரசியல்வாதியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதனால் கைக்கு எட்டுவதையாவது கேட்போம். வீட்டுவசதியைத் தனியே எடுத்துவிட்டு, போக்குவரத்துக்கு மட்டும் 55 சதவீதம் என்று மறுபடி வாக்குச்சீட்டில் கொண்டுவரட்டும். வந்தால் வார இறுதிகளில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்ட நான் தயார். ஓட்டு இல்லாத நண்பர்களும் கூட வரலாம், சும்மா நோட்டீஸ் கொடுக்க யாரும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள்.