ராணுவ உடுப்புக்கு முந்தைய சுபாஷ்

நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பிறந்தநாளான ஜனவரி 23 வந்தால் எங்கள் தாராவி வாட்ஸ்அப் குழுக்களில் அவர் படங்கள் வரிசைகட்டும். எல்லாப் படத்திலும் ராணுவ உடுப்பு. என் மனசுக்கு நெருக்கமான சுபாஷ் அதற்கு ஐந்து வருடம் முந்தையவர். 1938-இல் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது சீனாவுக்கு டாக்டர்களை அனுப்பப் பணம் திரட்டியவர்.

ஜப்பான் சீனாவைத் தாக்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. டாக்டர்கள் வேண்டும் என்று சீனத் தளபதி ஜூ டே நேருவிடம் கேட்டார். நாமே வெள்ளைக்காரனுக்குக் கீழே கிடந்த காலம். ஆனாலும் சுபாஷ் மக்களிடம் கேட்டார். ஜூலை 7 முதல் 9 வரை நாடு முழுக்க வசூல். ரூ.22,000 சேர்ந்தது. ஓர் ஆம்புலன்ஸ், ஐந்து டாக்டர்கள். செப்டம்பரில் நம்ம பம்பாயிலிருந்துதான் கப்பல் ஏறினார்கள்.

ஐவரில் ஒருவர் துவாரகாநாத் கோட்னிஸ். சோலாப்பூர்க்காரர். பரேல் ஜி.எஸ். மெடிக்கல் காலேஜில் படித்தவர், கே.இ.எம். ஆஸ்பத்திரியோடு ஒட்டியிருக்கிறதே, அதே காலேஜ். போன மாசம் அம்மாவை அங்கே சேர்த்திருந்தோம். கேஸ் பேப்பரை பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்தபடி மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தேன். ஒரு பயிற்சி டாக்டர் பொண்ணு, அம்மா கையில் ஊசி போடுவதற்கு முன்னால், சில்லிட்டுப்போன விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திச் சூடாக்கினாள். மராத்தியில் ஏதோ சொன்னாள். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். தலையாட்டினாள்.

எனக்குக் கோட்னிஸ் ஞாபகம் வந்தது. பாஷை தெரியாத ஊருக்குப் போய், பாஷையைக் கற்றுக்கொண்டு, காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்தவர். மற்ற நால்வரும் ஊர் திரும்பினார்கள். இவர் அங்கேயே ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 1941-இல் பெத்யூன் அமைதி ஆஸ்பத்திரிக்குத் தலைமை ஏற்றார். 1942 டிசம்பர் 9-இல் வலிப்பு நோயில் போய்ச் சேர்ந்தார். வயது 32. கைக்குழந்தைக்கு யின்ஹுவா என்று பெயர். யின் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா.

அடுத்த வருடம் அக்டோபரில் சுபாஷ் சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் என்ற சுதந்திர இந்திய அரசை அறிவித்தார், ஜப்பான் துணையோடு. கோட்னிஸ் தையல் போட்ட காயங்களை உண்டாக்கிய அதே ஜப்பான். இதைச் சொன்னால் நம்ம ஆட்களுக்கே கோபம் வருகிறது. ஆனால் இது என் வீட்டுக் கதையும்கூட. மலாயா தோட்டத்துக்குப் போன என் தாத்தாவின் அண்ணன்கள் இரண்டு பேரில் மூத்தவர் சுபாஷின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார். இளையவரை ஜப்பான்காரர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூத்தவர் ஊர் வந்து சேர்ந்தார். இளையவர் வரவேயில்லை. எங்கள் பாட்டி கடைசிவரை நேதாஜி படத்துக்குப் பூ வைத்தாள். ஜப்பான் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

பாட்டியின் நிலைதான் என் நிலையும். வெள்ளைக்காரன் அரசின் உயர் பதவியான ஐ.சி.எஸ். வேலையைச் சுபாஷ் 1921-இல் உதறிய துணிச்சல், சிறை, நாட்டை விட்டுத் தப்பிய அந்தப் பயணம், எல்லாவற்றுக்கும் தலை வணங்குகிறேன். 1943-இல் அவர் பிடித்த கை எனக்கு ஒப்பவில்லை. 1938-இல் நீட்டிய கை சரியான கை.

தம்பிகளே, வருகிற ஜனவரி 23-க்கு உடுப்புப் படத்தோடு கோட்னிஸ் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். கீழே நம்ம பரேலில் படித்தவர் என்று ஒரு வரி எழுதுங்கள்.