தயிருக்கும் ஊறுகாய்க்கும் ஒரே புள்ளி போடாதீர்கள்

"புளிக்க வைத்த சாப்பாடு சுகரைக் குறைக்கும், வயிற்றையும் இறக்கும்." சீனி வருத்தம் உள்ளவர்களின் வட்ஸ்அப்பில் இந்தக் காணொளி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மதியச் சோற்றோடு ஒரு கரண்டி தேசிக்காய் ஊறுகாயை மருந்துபோலச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். பின்னேரம் அச்சாறு, காலையில் உப்புப் போட்டுக் கரைத்த பழஞ்சோறு. பலருக்கு இதோடு பிரசர் குளுசையும் ஓடுகிறது. இது ஆபத்தான பிழை, ஏனென்றால் இவற்றோடு சேர்ந்து போகும் உப்பு பிரசரை ஏற்றும். நொதிக்க வைப்பது ஒரு சமையல் முறை, அவ்வளவுதான். பாண்கூட ஈஸ்ட் போட்டு நொதிக்க வைத்ததுதான். அதை யாராவது நீரிழிவுக்கு நல்லது என்கிறோமா?

முதலில் உப்பின் அளவு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் எல்லை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பு. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி. பாண், பிஸ்கட், சோஸ், மாசி, கருவாடு, கடைச் சாப்பாடு எல்லாவற்றிலும் உள்ள உப்பு இதற்குள் அடங்க வேண்டும். பக்கற்றில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருந்தால் 2.5 ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு வரும். நம் நாட்டுப் பக்கற்றுகளில் உப்புக்கெனச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இருக்கிறது. சிவப்பு என்றால் திரும்ப வைத்துவிடுங்கள்.

வீட்டில் கரண்டி கரண்டியாக எண்ணிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. மாதம் முதலாம் திகதி 400 கிராம் உப்புப் பக்கற் ஒன்றை உடைத்து, மூடியில் திகதியை எழுதுங்கள். நாலு பேர், ஆளுக்கு நாளுக்கு 3 கிராம், 30 நாள் என்றால் 360 கிராம். மீதி 2 கிராம் பாணிலும் கடைப் பொருளிலும் தானாக வந்து சேரும். பக்கற் இருபதாம் திகதியே முடிந்தால் சமையலறையில் உப்புக் கூடிவிட்டது. கல்லுப்புக்காரர் கரண்டியை நம்ப வேண்டாம். கல்லுப்பு இடைவெளி விட்டுக் கிடப்பதால் அதே கரண்டியில் நிறை குறைவு, தூள் உப்பு நெருக்கமாக இருப்பதால் கூட. தராசில் நிறுப்பதுதான் சரி.

இனி உடல் நிறை. கூடுதலாகக் குழப்பம் வருவது இங்கேதான். உடலின் உப்புநீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பு என்ற செறிவில் இருக்கிறது. ஒரு நாள் வழமையைவிட 4, 5 கிராம் உப்பு கூடினால், சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை அரை லீற்றர் அளவு தண்ணீர் உடலில் தங்கும். வெள்ளி இரவு கொத்துரொட்டி சாப்பிட்டவர் சனி காலை தராசில் ஏறினால் முக்கால் கிலோ, ஒரு கிலோ கூடக் காட்டும். மாச்சத்தும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடிக்கும்: ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் மாச்சத்தோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் போகும். ஒரு கிலோ கொழுப்புச் சேர 7,700 கலோரி அளவில் மேலதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரே இரவில் அது நடக்காது. ஆகவே அந்த ஒரு கிலோவுக்காக மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். குறிப்பாக இன்சுலின் போடுபவரும் கிளிக்லசைட் போன்ற குளுசை எடுப்பவரும் பட்டினி கிடந்தால் சுகர் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

மறுபக்கமும் உண்மைதான். ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்திய முதல் வாரத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். மூன்றாம் வாரம் தராசு அசையாமல் நிற்கும்போது மனம் உடைந்து எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறார்கள். இது நினைத்தாலே கவலையான விடயம், ஏனென்றால் கொழுப்பு மெதுவாகத்தான் கரையும், அது தராசில் உடனே தெரியாது.

மருந்தும் தராசை ஆட்டும். இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும். பயோகிளிட்டசோன் என்ற சுகர் குளுசை அதைவிடக் கூடப் பிடிக்கும், கால் வீங்கும். எம்பாகிளிஃப்லோசின், டாபாகிளிஃப்லோசின் என்ற சுகர் குளுசை இரண்டும் சீனியையும் உப்பையும் சிறுநீரோடு தள்ளுவதால் நிறை இறங்கும். நிறை பார்ப்பதென்றால் காலையில், சிறுநீர் கழித்த பின், தேத்தண்ணி குடிக்க முன், ஒரே மாதிரி உடுப்போடு பாருங்கள். வாரத்தின் ஏழு அளவையும் கூட்டிச் சராசரி எடுத்து, சராசரியைச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். நம் தெற்காசிய உடலுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. தண்ணீர் ஏறி இறங்குவது அளவுநாடாவில் அவ்வளவாகத் தெரியாது.

நிறை குறைவதால் வரும் பலன் சின்னதல்ல. பிரித்தானியாவில் நடந்த டைரெக்ட் ஆய்வில் 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 வீதத்தினருக்கு ஒரு வருட முடிவில் மருந்தில்லாமலே நீரிழிவு அடங்கியிருந்தது. அது கலோரியைக் கடுமையாகக் குறைத்ததால் வந்த வெற்றி. எந்த ஊறுகாயாலும் வந்ததல்ல.

நொதித்த உணவுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்துச் செய்து 2021 இல் வெளிவந்த ஆய்வில், நொதித்த உணவைக் கூடச் சாப்பிட்ட குழுவினருக்குக் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் கூடின, இரத்தத்தில் அழற்சிக் குறிகள் குறைந்தன. ஆனால் அவர்கள் சுகதேகிகள். அந்த முடிவைத் தூக்கி அப்படியே நீரிழிவுக்காரரின் தட்டில் வைக்க முடியாது.

எனக்கு முக்கியமாகப் படும் வேறுபாடு இது: பால் தயிராக உப்புத் தேவையில்லை. மரக்கறியும் மீனும் கெடாமல் புளிக்க உப்புக் கட்டாயம். அதனால்தான் 100 கிராம் வெறும் தயிரில் சோடியம் 50 மில்லிகிராம் அளவில் நிற்க, ஊறுகாயில் பத்தில் ஒரு பங்கே உப்பாக இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி ஊறுகாய் என்றால் ஒன்றரைக் கிராம் உப்பு. அதிலும் கடை ஊறுகாயில் பெரும்பாலானவை வினாகிரியில் கிடப்பவை, உயிருள்ள நுண்ணுயிரே இராது. ஆகவே சட்டித் தயிர் வாங்குங்கள். எருமைத் தயிரில் கொழுப்புக் கூட, ஒரு வேளைக்கு 100 கிராம் போதும், கித்துள் பாணி வேண்டாம். 100 கிராம் தயிருக்கு இரண்டு மடங்கு தண்ணீர் விட்டு இஞ்சி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை போட்டு அடித்துத் தேசிக்காய் பிழிந்தால், உப்பில்லாமலே மோர் வாய்க்குப் பிடிக்கும்.

கோவாவை வீட்டில் புளிக்க வைப்பவர்களுக்கு ஒரு சொல். 500 கிராம் கோவாவுக்கு 10 கிராம் உப்பு, அதாவது 2 வீதம். மெல்லியதாக வெட்டி, உப்போடு பிசைந்து, வந்த தண்ணீரோடு கண்ணாடிப் போத்தலில் அமுக்குங்கள். கோவா தண்ணீருக்குக் கீழே நிற்க வேண்டும். கொழும்பு வெக்கையில் மூன்று, நாலு நாளில் புளித்துவிடும். தினமும் மூடியைத் தளர்த்திக் காற்றை விட்டு, புளித்ததும் பிறிட்ஜில் வையுங்கள். மேலே மெல்லிய வெள்ளை ஆடை வந்தால் வழித்து எறியலாம். பஞ்சுபோலப் பச்சையோ கறுப்போ பூஞ்சணம் வந்தால் போத்தலோடு எறியுங்கள். நீரிழிவு என்பதற்காக உப்பை 1 வீதமாகக் குறைக்காதீர்கள். வேண்டாத நுண்ணுயிர் முந்திக்கொண்டு கோவா கூழாகி மணக்கும். உப்பைத் தட்டில் குறையுங்கள்: இரண்டு மேசைக்கரண்டி, ஏறத்தாழ 30 கிராம், அதில் 0.6 கிராம் உப்பு. அன்றைக்கு ஒரு கறியை உப்பில்லாமல் வையுங்கள்.

தோசை மா புளிக்கவும் உப்புத் தேவையில்லை. ஒரு கப் உளுந்து, ஒரு கப் சிவப்புப் பச்சையரிசி, ஒரு தேக்கரண்டி வெந்தயம். நாலைந்து மணித்தியாலம் ஊறவிட்டு அரைத்து, எட்டு முதல் பத்து மணித்தியாலம் வையுங்கள். சுடுவதற்குச் சற்று முன் அரைத் தேக்கரண்டி உப்பு முழு மாவுக்கும் போதும். மா கனத்துவிட்டது, புளித்துவிட்டது என்று அப்பச்சோடா அள்ளிப் போடுவது மிக மோசம். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவில் 1,260 மில்லிகிராம் சோடியம், 3 கிராம் உப்புக்குச் சமம். நாக்குக்கு உப்பாகத் தெரியாது. கல்லில் விழுந்ததும் நுண்ணுயிர் செத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். உளுந்து கூடிய இரண்டு தோசை நல்ல உணவு. ஐந்து தோசையும் கட்டைச் சம்பலும் மாச்சத்தும் உப்பும்தான். சாப்பிட முன்னும் இரண்டு மணித்தியாலம் கழித்தும் விரல் குத்திப் பாருங்கள். பழஞ்சோற்றுக்கும் இதே சோதனை.

ரோசா நிற இமயமலை உப்பும் ஆனையிறவு உப்பும் சோடியத்தில் ஒன்றுதான், காசைக் கரியாக்காதீர்கள். பொட்டாசியம் கலந்த உப்பு வேறு விடயம். சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தி 2021 இல் வெளியான ஆய்வில், நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் கலந்த உப்பு பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவருக்கும் லொசார்ட்டன், எனலாப்ரில், ஸ்பைரனொலக்டோன் போன்ற பிரசர் குளுசை எடுப்பவருக்கும் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே குழம்பலாம். இரத்தத்தில் கிரியட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்த்து, டொக்டர் சரி என்ற பிறகே வாங்குங்கள்.

வயிற்றோட்டம், வாந்தி வந்த நாளில் உப்புக் கட்டுப்பாட்டை விட்டுவிடுங்கள். ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள்) பக்கற்றில் உள்ள அளவுப்படியே கரைத்துக் கொடுங்கள். அதில் சீனி இருக்கிறதே என்று பாதியாகக் கரைக்க வேண்டாம். எம்பாகிளிஃப்லோசின் வகைக் குளுசையை அந்த நாட்களில் நிறுத்திவைப்பது பற்றி கிளினிக்கில் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. தயாசைட் போன்ற சிறுநீர் போக்கும் குளுசை எடுக்கும் முதியவர் திடீரென்று சோர்ந்து, பேச்சுத் தடுமாறினால் சுகரைக் குத்திப் பாருங்கள். அது சரியாக இருந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். இரத்தத்தில் சோடியம் விழுந்திருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம்.