ஸ்க்ரூ டிரைவர் யார் கையில்?

சில வாரங்களுக்கு முன் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு ரோபோ போட்டிக்குப் போயிருந்தேன். என் மகளும் அவள் தோழிகள் நாலு பேரும் ஒரு டீம். பக்கத்து மேசை டீமின் ரோபோ அத்தனை நேர்த்தியாக இருந்தது. "அப்பா, அவங்களோடதைப் பாரேன்" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த ரோபோ களத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே அதன் முன்பக்கக் கை கழன்று விழுந்துவிட்டது. ஆறாவது படிப்பான் போலிருந்த ஒரு பையன் குனிந்து அதை எடுத்தான். எங்கே மாட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற கோச்சைப் பார்த்தான். கோச் உள்ளே வரக்கூடாது என்பது விதி. கொடுத்த நேரம் அப்படியே ஓடி முடிந்தது.

அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த ரோபோவை மாட்டும்போது அவன் கையில் யாரும் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். கோவையில் ஒரு டூல் ரூமில் (இயந்திரக் கருவிகளும் அச்சுகளும் செய்யும் பட்டறை) இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். தானே மாட்டிய போல்ட்டை யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்தப் போட்டிகள் எதற்காகத் தொடங்கப்பட்டன என்பதை நாம் மறந்துவிட்டோம் என்று தோன்றுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1970களில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ்காரர்களுடையது) வுடி ஃப்ளவர்ஸ் என்றொரு பேராசிரியர் இருந்தார். அவர் நடத்திய பாடத்துக்கு 2.70 என்று எண். மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பை நிறைய உதிரிச் சாமான் கொடுப்பார்கள். எல்லோருக்கும் ஒரே சாமான். அதை வைத்து, சொன்ன வேலையைச் செய்யும் ஒரு இயந்திரத்தை ஒவ்வொருவரும் கட்ட வேண்டும். கடைசியில் அந்த இயந்திரங்கள் ஒன்றோடொன்று மோதும். பரீட்சைத் தாளில் தப்பு செய்தால் மார்க் குறையும், மறந்துவிடுவோம். இங்கே தப்பு செய்தால் கூட்டத்தின் முன்னால் இயந்திரம் நின்றுவிடும். ஏன் நின்றது என்று கட்டியவருக்கு ராத்திரி தூக்கம் வராது. அந்தத் தூக்கமின்மைதான் பாடம் என்பேன் நான்.

அந்தப் பையை ஒரே அளவாகக் கட்டினார்களே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு நல்ல மோட்டார், மற்றவனுக்குச் சுமாரானது என்று கிடையாது. வித்தியாசம் தலையிலும் கையிலும் மட்டும்தான்.

1989இல் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் ஃபர்ஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். சிறுநீரக நோயாளிகள் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் கருவியை உருவாக்கியவர். பின்னால், நின்றபடி ஓட்டும் செக்வே வண்டியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அமெரிக்கப் பிள்ளைகள் கூடைப்பந்து வீரர்களையும் சினிமாக்காரர்களையும் மட்டுமே கொண்டாடுகிறார்கள், ஒரு பொறியாளரைக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை என்பது அவர் வருத்தம். ஃப்ளவர்ஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மான்செஸ்டரில், ஒரு உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் முதல் போட்டி. 28 டீம்கள். களத்தில் மக்காச்சோளத்தைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள், அதன் மேல் ஓடி ரோபோக்கள் டென்னிஸ் பந்துகளைச் சேகரிக்க வேண்டும். சோளத்தின் மேல் சக்கரம் வழுக்குவதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். உராய்வைப் பற்றிப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது.

இதே காலத்தில் ஜப்பானிலும் ஒரு மரபு வளர்ந்துவந்தது. மசாஹிரோ மோரி என்ற பேராசிரியரின் யோசனையில் பிறந்த போட்டியை என்.எச்.கே. தொலைக்காட்சி 1988இல் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்காகத் தொடங்கியது. அதுதான் 2002இல் ஆசிய பசிபிக் நாடுகளின் ரோபோகானாக விரிந்தது. 2008லும் 2014லும் புனேயில்கூட நடந்தது. நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்த பெயர் இதுதான்.

சரி, பிள்ளைகளுக்குப் பதிலாகக் கோச்சே ரோபோவைக் கட்டிவிடும் விஷயத்துக்கு வருகிறேன். "அமெரிக்காவிலேயே பெரியவர்கள் சேர்ந்துதானே கட்டுகிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஃபர்ஸ்டின் உயர்நிலைப் பள்ளிப் போட்டி அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. நிறுவனப் பொறியாளர்களைப் பள்ளிகளோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு பிள்ளை நிஜமான பொறியாளரின் பக்கத்தில் நின்று, அவர் எப்படி யோசிக்கிறார், எங்கே தடுமாறுகிறார், தப்பானதை எப்படிப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறார் என்று பார்க்க வேண்டும் என்பது நோக்கம். பல வருடங்கள் இதற்கு ஆறு வாரம்தான் அவகாசம். அதற்குப் பிறகு ரோபோவைத் தொடக்கூடாது என்ற விதி 2020 சீசனில்தான் போனது. மாணவர்கள் கட்டியதா, மென்டார்கள் (வழிகாட்ட வரும் பெரியவர்கள்) கட்டியதா என்ற சண்டை அங்கேயும் உண்டு. நான் மென்டார்களுக்கு எதிரியில்லை. லேத்தில் எனக்குக் கை பழக்கிய மேஸ்திரி இல்லாவிட்டால் நான் இன்று இந்த வேலையில் இல்லை. ஆனால் அவர் என் கை மேல் தன் கையை வைத்துத்தான் பழக்கினார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரே கடைந்து முடித்து, "இது நீ செஞ்சது" என்று சொல்லவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்காக 1998இல் லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து ஃபர்ஸ்ட் தொடங்கிய லெகோ லீகில் இது இன்னும் கறார். பெரியவர்கள் வழிகாட்டலாம், வேலை பிள்ளைகளுடையது. நடுவர்கள் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுவார்கள். ஏன் இந்தச் சக்கரம், ஏன் இந்த சென்சார், முதலில் என்ன செய்து பார்த்தீர்கள் என்று. ரோபோ எடுத்த புள்ளியை மட்டும் வைத்துப் பரிசு கொடுப்பதில்லை.

இன்னொரு விஷயமும் ஃபர்ஸ்டில் அழகு. 1999இலிருந்து தனியாக ஜெயிக்க முடியாது, மற்ற டீம்களோடு கூட்டணி வைத்துத்தான் ஆட வேண்டும். காலையில் எதிரியாக இருந்தவன் மதியம் கூட்டாளி. அதனால் அவன் பேட்டரி செத்துப்போனால் உன் பேட்டரியைக் கொடுப்பதில் உனக்கும் நன்மை. சில வருடங்களில், தோற்ற அணி எடுத்த புள்ளி வென்ற அணியின் தரவரிசையில் சேரும்படிகூட விதி இருந்தது. உன் பாட்டி பார்த்தால் பெருமைப்படும்படி நடந்துகொள் என்பது ஃப்ளவர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தது. 2019இல் அவர் காலமானார். போட்டி அரங்கங்களில் இன்றும் அந்தப் பாட்டி வந்துபோகிறாள்.

பணம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஃபர்ஸ்டின் பெரிய போட்டியில் சேர ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம், பயணச் செலவு தனி. ஒரே பை என்ற கனவு அங்கேயே கரைந்துதான் போயிருக்கிறது. ஆனால் 1993இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பொறியாளர்கள் டெட் மாலர், ஸ்டீவ் மாரம் இருவரும் பெஸ்ட் என்ற போட்டியைத் தொடங்கினார்கள். ஃப்ளவர்ஸின் வகுப்பு வீடியோவைப் பார்த்த பிள்ளைகளில் ஒருவர் நாங்களும் செய்யலாமா என்று கேட்டதிலிருந்து பிறந்தது அது. பள்ளிகளிடம் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பெட்டி, சில வாரம்தான் அவகாசம். மோட்டார் மாதிரியான விலையுள்ள பாகங்களைப் போட்டி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அடுத்த வருடம் வேறு பிள்ளைகளுக்கு. இதைப் படித்தபோது, நம் ஊரில் இதைச் செய்ய என்ன தடை என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பணம் ஒரு தடையாக எனக்குப் படவில்லை.

2004இல் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் கார்ல் ஹேடன் என்ற அரசுப் பள்ளி. மெக்சிகோவிலிருந்து வந்த, குடியுரிமை ஆவணம் இல்லாத குடும்பங்களின் நாலு பையன்கள், இரண்டு ஆசிரியர்கள். நீருக்கடியில் போகும் ரோபோக்களுக்கான மேட் போட்டிக்கு பி.வி.சி. குழாயை ஒட்டி ஒரு ரோபோ கட்டினார்கள். செலவு சுமார் 800 டாலர். கல்லூரிகள் மோதும் பிரிவில்தான் சேர்ந்தார்கள். சான்டா பார்பராவுக்குப் போன பிறகு ரோபோவுக்குள் தண்ணீர் கசிந்தது. கடைக்கு ஓடி, மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் டாம்பன்களை வாங்கிவந்து உள்ளே வைத்து ஈரத்தை உறிஞ்ச வைத்தார்கள். மொத்தப் போட்டியிலும் முதலிடம். தோற்றவர்களில் எம்.ஐ.டி.யும் ஒன்று. தொழில்நுட்ப அறிக்கைக்கான பரிசும் அவர்களுக்கே. நடுவர்கள் கேட்டதற்கெல்லாம் அந்தப் பிள்ளைகளால் பதில் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு ஒட்டும் அவர்கள் ஒட்டியது.

இங்கே போட்டி நடத்துகிறவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, பரிசு கொடுக்கும் முன் ரோபோவிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிப் பிள்ளைகளிடம் கொடுங்கள், திரும்ப மாட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். இரண்டு, ஒரு ரவுண்டையாவது அங்கேயே கொடுக்கும் பெட்டியை வைத்து, பெற்றோரும் கோச்சும் வெளியே இருக்க, நடத்துங்கள். முதல் வருடம் பாதி ரோபோ நகராது. நகராமல் இருக்கட்டும். எம்.ஐ.டி.யிலும் நின்றிருக்கிறது.

பெற்றோரிடமும் ஒன்று. கோப்பையோடு எடுத்த போட்டோவைப் போடுவதில் தப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் "அந்த மோட்டார் ஏன் அங்க இருக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் கட்டிய பணம் வீண் போகவில்லை.

எங்கள் டீம் அன்று பரிசு எதுவும் வாங்கவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் சங்கிலி கழன்றது, பிள்ளைகளே மாட்டினார்கள். இப்போது சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு ஷெட்டில் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேரும் சேர்ந்து உட்காருகிறார்கள். இருப்பது ரோபோ கட்டும் சாமான் பெட்டி, அதாவது கிட், இரண்டே இரண்டு. உங்கள் பிள்ளை பயன்படுத்தி முடித்த ஏதாவது கிட் அலமாரியில் இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். 2022 முடிவோடு லெகோ நிறுத்திய மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ கிட்டின் பழைய செட் ஆனாலும் சரி, சக்கரம் குறைந்தாலும் சரி. சக்கரத்தை நான் கடைந்து தருகிறேன். மாட்டுவது அவர்கள் வேலை.