ஜாகுவார் புரொஜெக்ட் 8: எட்டுக் கார்கள்தானா?

“ஜாகுவார் எக்ஸ்இ எஸ்வி புரொஜெக்ட் 8 உலகத்திலேயே எட்டுத்தான். வலப்பக்க ஸ்டியரிங்கோடு ஒன்று யாழ்ப்பாணம் வருது!” என்று எங்கள் பெடியளின் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே பிழை. “வேகம் 200”, “பின்சீற்றே கிடையாது” என்றும் அதில் இருக்கிறது.

எட்டு என்பது எண்ணிக்கை அல்ல. இதற்கு முன் ஜாகுவாரின் இன்னொரு காரான எஃப்-டைப்பில் புரொஜெக்ட் 7 வந்தது. அது எஃப்-டைப் காரில் ஏழே ஏழு என்றா அர்த்தம்? 2017இல் நிறுவனம் அறிவித்த உச்ச எண்ணிக்கை 300. பிரித்தானியக் கார்தான், ஆனாலும் இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே செய்தார்கள். அப்புறம் எப்படி வலப்பக்கம் வரும்?

“வேகம் 200” என்பது சரி, ஆனால் அது மைல்; கிலோமீற்றரில் ஏறத்தாழ 322. 600 குதிரைவலு, 5 லீற்றர் வி8 எஞ்சின், 2017இல் விலை ஏறக்குறைய 1.5 இலட்சம் பவுண்.

பின்சீற்றே கிடையாது என்பது பாதி உண்மை. பந்தயத் தடத்துக்கான ‘ட்ரக் பக்’ (Track Pack) என்ற மேலதிகத் தெரிவை எடுத்தால்தான் இரண்டு இருக்கை. மற்றபடி நாலு பேர் போகலாம்.