பிரெட்டன் வுட்ஸ் போனால் பிள்ளைகளிடம் கோயம்புத்தூர்க்காரரைப் பற்றியும் சொல்லுங்கள்

பாஸ்டன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் எல்லாருக்கும் அக்டோபர் வந்தால் ஒரே திட்டம்தான். நியூ ஹாம்ப்ஷயருக்கு இலை பார்க்கக் கிளம்பிவிடுவோம். ஃபிராங்கோனியா கணவாய், ஒரு அருவி, நாலு செல்ஃபி, இருட்டுவதற்குள் வீடு. பிரெட்டன் வுட்ஸ் வழியாகப் போனால் சாலையிலிருந்தே சிவப்புக் கூரையும் வெள்ளைச் சுவருமாக ஒரு பிரம்மாண்டமான கட்டடம் தெரியும். அதையும் காருக்குள் இருந்தபடியே படம் எடுத்துக்கொண்டு தாண்டிவிடுவோம். தாண்டாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. உலக வங்கிக்கு அடித்தளம் போட்ட 1944 மாநாடு நடந்ததும், அதற்குக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்ததும் இங்கேதான். மவுண்ட் வாஷிங்டன் ஹோட்டலில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் சமயமாகப் பார்த்துத் தங்கினால் இன்னும் நல்லது.

ஜோசப் ஸ்டிக்னி என்ற பணக்காரர் கட்டியது இது. நிலக்கரியிலும் ரயில்வேயிலும் சம்பாதித்தவர். இத்தாலியக் கைவினைஞர்களை வைத்துக் கட்டி 1902இல் திறந்தார். அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். அந்தக் காலத்தில் பெரிய பெரிய குடும்பங்கள் பெட்டி படுக்கை, வேலையாட்கள் சகிதம் ரயிலில் வந்திறங்கிக் கோடை முழுக்க இங்கேயே இருப்பார்கள். இந்த மலைகளில் அப்படி நிறைய ஹோட்டல்கள் இருந்தன. பல தீயில் போயின, சில இடிக்கப்பட்டன. இது நிற்கிறது. 1986இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 1999 வரைக்கும் குளிர்காலம் வந்தால் பூட்டிவிடுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

வாடகை அதிகம்தான், மறுக்கவில்லை. நாங்கள் சாப்பாட்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்தோம். அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தை கிராஃபோர்ட் கணவாயில் ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் ஹோட்டலுக்கே போனோம். ஆனால் அந்தப் பின்பக்க வராந்தாவுக்கு மட்டுமே கொடுக்கலாம் அந்தக் காசு. வரிசையாக ஆடும் நாற்காலிகள், எதிரே மவுண்ட் வாஷிங்டன். 6,288 அடி. ஊட்டியை விட உயரம் குறைவு, ஆனால் 1934இல் மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று வீசியதைப் பதிவு செய்த சிகரம் அது. மேகம் விலகியபோது மலைச்சரிவில் ஒரு கோடு மாதிரி தண்டவாளமும், அதில் வெள்ளையாகப் புகை விட்டபடி ஏறிக்கொண்டிருந்த ஒரு புள்ளியும் தெரிந்தன. அப்பா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பல்சக்கர ரயில். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்பு, எஞ்சினுக்கு அடியில் அதைப் பற்றி ஏறும் சக்கரம். மேட்டுப்பாளையத்தில் ஏறி குன்னூர் போன யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம்ம ரயில் குன்னூர் வரை ஓடத் தொடங்கியது 1899இல், இது 1869இல். "அப்படீன்னா இது நம்ம ரயிலுக்கு முப்பது வயசு மூத்த அண்ணன், கண்ணு" என்றார் அப்பா என் மகனிடம். சரிவைக் கேட்டால்தான் ஆச்சரியம். நீலகிரியில் 12 அடி போனால் ஒரு அடி ஏறும். இங்கே மிகச் செங்குத்தான இடத்தில் 100 அடிக்கு 37 அடி. தாத்தாவும் பேரனும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது கோல்டு ரூம் பற்றி. கீழ்த்தளத்தில் லாபியை ஒட்டிய சின்ன அறை, பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டு ஒப்பந்தம் கையெழுத்தான இடம். நடுவே வட்ட மேசை, சுவரில் படங்கள். 1944 ஜூலை 1 முதல் 22 வரை 44 நாடுகளின் பிரதிநிதிகள் இந்த ஹோட்டலில் கூடித்தான் பன்னாட்டு நாணய நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் அடித்தளம் போட்டார்கள். போரால் இரண்டு வருஷம் மூடிக் கிடந்த ஹோட்டலை அவசர அவசரமாகத் தயார் செய்தார்கள். ஓடியாடி வேலை செய்யச் சாரணர் சிறுவர்களைக்கூட வரவழைத்தார்கள். பிரிட்டன் தரப்பில் பொருளாதார அறிஞர் கெயின்ஸ், அமெரிக்கத் தரப்பில் நிதித்துறை அதிகாரி ஹாரி டெக்ஸ்டர் ஒயிட். இந்த இரண்டு பெயரும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும்.

இந்தியத் தரப்பில் யார் வந்தார்கள் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்கே தெரியுமா? குழுவுக்குத் தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன், வைஸ்ராய் சபையின் நிதி உறுப்பினர். பொருளாதார ஆலோசகர் தியோடர் கிரிகரி. இருவரும் ஆங்கிலேயர்கள். அப்புறம் ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர் சி.டி. தேஷ்முக், பம்பாயிலிருந்து தொழிலதிபர் ஏ.டி. ஷ்ராஃப், கோயம்புத்தூரிலிருந்து ஆர்.கே. சண்முகம் செட்டியார். தமிழிசை இயக்கத்தில் முன்னின்றவர், சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவர். அதே மனிதர்தான் 1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தவர். பெயரைச் சொன்னதுமே அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நம்ம செட்டியார் இங்கயா வந்தாரு?" என்று அந்த மேசையை மறுபடி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

எட்டாவது படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்போ இந்தியா பிரிட்டன் கையிலதானே இருந்தது? அப்புறம் எப்படித் தனியா ஒரு சீட்?" சரியான கேள்வி. இன்னொரு கேள்வியும் அதோடு சேர்த்துக் கேட்கணும்: கிடைத்த சீட்டில் உட்கார்ந்து என்ன பேசினார்கள்?

போர்க்காலம் முழுக்க பிரிட்டன் இந்தியாவிலிருந்து சரக்கு வாங்கியது. பணத்தை உடனே தரவில்லை, லண்டனில் கணக்கில் எழுதிவைத்தது. போர் முடிந்தபோது அந்தக் கடன் 100 கோடி பவுண்டுக்கும் மேல். இந்தியாவில் விலைவாசி தலைக்கு மேல் போனது. மாநாட்டுக்கு முந்தைய வருஷம்தான் வங்காளப் பஞ்சம். செத்தவர்கள் முப்பது லட்சம் பேர் என்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள் என்று இந்தியக் குழு கேட்டது. வங்கியில் பத்து லட்சம் டாலர் வைத்திருந்தும் டாக்சிக்குக் கொடுக்கக் கையில் காசில்லாதவனின் நிலைமையில் எங்களை நிறுத்துகிறீர்கள் என்ற பொருளில் ஷ்ராஃப் பேசினார். அடிமை நாட்டின் குழு, ஆங்கிலேயர் தலைமையில் வந்த குழு, ஆள்பவனின் எதிரிலேயே கடனைக் கேட்டது. கெயின்ஸோ, "அது எங்களுக்கும் எங்களுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் நடுவில் உள்ள விஷயம்" என்று சொல்லிவிட்டார். கோரிக்கை தோற்றது. ஆனால் சண்முகம் செட்டியார் விடவில்லை. 1948இல் இந்தியாவின் நிதி அமைச்சராக லண்டனுக்கே போய் அதே கணக்கைப் பற்றிப் பேசி ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்தார்.

இதைச் சொல்லாமல் அந்த ஹோட்டலில் நீச்சல் குளத்தையும் ஐஸ்கிரீமையும் மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிக் கூட்டி வந்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த நாட்டில் வளரும் நம் பிள்ளைகள் பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும் அது வேற யாரோடதோ என்றுதான் நினைக்கிறார்கள். பேரரசுகள் பங்கு பிரித்த மேசையில் நம்ம ஊர் ஆளும் உட்கார்ந்து வாதாடினார் என்று தெரிந்தால் அந்த நினைப்பு மாறும். என் மகளிடம் மாறியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், கடன் முழுசாகத் திரும்ப வந்ததா என்று தாத்தாவைத் துளைத்துக்கொண்டே வந்தாள்.

மாநாட்டு நடவடிக்கைகளை அமெரிக்க அரசே 1948இல் அச்சிட்டிருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியக் குழு சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். இலை சீசன் வாரக்கடைசியில் வாடகை எகிறிவிடும், அதனால் ஜூன் மாத வார நாட்களாகப் பாருங்கள்.