முத்தம் கொடுத்துட்டு விமானம் ஏறிட்டாங்க

2023 ஜூலை 21, வெள்ளிக்கிழமை, மலேசியாவுல செப்பாங் இசை விழாவுல பிரிட்டிஷ் பாட்டுக்குழு தி 1975-ஓட பாடகர் மேட்டி ஹீலி, ஓரினச் சேர்க்கையைத் தண்டிக்கிற எங்க நாட்டுச் சட்டத்தைத் திட்டிட்டு, கூட வாசிக்கிற ஆணுக்கு மேடையிலேயே முத்தம் கொடுத்தாரு. அதைப் பத்தி ஒரு பதிவு போட்டுட்டு ஒரு வாரமா வாயைத் திறக்காம இருந்தேன். நேத்து ராத்திரி என் பதிவுக்குக் கீழ நடந்த கூத்தைப் பார்த்தவங்களுக்கு இன்னைக்கு ஏன் திறக்கறேன்னு தெரியும். ஒரு கூட்டம் என்னை அரசாங்கத்துக்கு ஜால்ரான்னுச்சு. இன்னொரு கூட்டம் வெள்ளைக்காரன் கைக்கூலின்னுச்சு. ஒரே பதிவுக்கு ரெண்டு பட்டம்! ரொம்ப நன்றி.

திரும்பவும் சொல்றேன். செப்பாங் மேடையில மேட்டி ஹீலி பண்ணினதை என்னால வீரம்னு சொல்ல முடியாது. சட்டம் கேவலமானதுதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. 20 வருஷம் வரைக்கும் சிறை, கூடவே பிரம்படி. அதை ஒருத்தர் மைக்கைப் பிடிச்சுத் திட்டினதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனா திட்டிட்டு, கூட வாசிக்கிறவருக்கு முத்தம் கொடுத்துட்டு அவர் போயிட்டாரு. இங்கேயே இருக்கப்போறவங்க யாரு? எங்களுக்காகத்தான் பண்ணினாராம். எங்கள்ல ஒருத்தரையாவது கேட்டாரா?

2019-ல துபாய்லயும் இதே ஆள் மேடையை விட்டு இறங்கிப் போய் ஒரு ஆண் ரசிகருக்கு முத்தம் கொடுத்தாரு. அங்க சட்டம் மாறிடுச்சா? அடுத்த ஊர் டிக்கெட் வித்திருக்கும், அவ்வளவுதான்.

இங்க நடந்தது உங்களுக்கே தெரியும். மீதி ரெண்டு நாள் விழாவை தொடர்புத்துறை அமைச்சர் பாஹ்மி ஃபாட்சில் ரத்து பண்ணிட்டாரு. மூணு நாளைக்குச் சரக்கு வாங்கி வச்ச சாப்பாட்டுக் கடைக்காரங்க, மாசக்கணக்கா ஒத்திகை பார்த்த உள்ளூர் இசைக்குழுக்கள், எல்லாருக்கும் பட்டை நாமம். 2023 ஆகஸ்ட் 12 ஆறு மாநிலத் தேர்தல். எதிர்க்கட்சியான பாஸ், அதான் இஸ்லாமியக் கட்சி, காசு கொடுத்து ஆள் பிடிச்சிருந்தாக்கூட இவ்வளவு தோதா ஒரு பிரசாரம் அமைஞ்சிருக்காது.

எனக்குத் தம்பி முறை ஆகற ஒருத்தன் இருக்கான். (அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பாருங்க, கேக்கறது அப்படி ஒண்ணும் கஷ்டமில்ல.) சின்னச் சின்ன டிராக் (ஆண்கள் பெண் வேஷம் போட்டு ஆடற) நிகழ்ச்சிகளுக்கு உடுப்பு தைப்பான், சில சமயம் அவனே ஆடுவான். அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அவன் வீட்டுக்குப் போனேன். கெபாயா (மலாய்ப் பெண்கள் போடற சட்டை) ஒண்ணு மேசை மேல விரிச்சுக் கிடந்துச்சு. பாதி மார்பு வரைக்கும் கல் ஒட்டியாச்சு, மீதி கல் மைலோ டின் மூடியில நிறம் நிறமாப் பிரிச்சு வச்சபடி இருக்கு. குளூ கன்னை மட்டும் பிளக்கிலிருந்து பிடுங்கி வச்சிருந்தான். ஏற்பாட்டாளர் செய்தி அனுப்பிட்டாராம், இப்போதைக்கு வேணாம்னு. "எப்பக்கா திரும்ப வைப்பாங்க"ன்னு என்னைக் கேக்கறான். எனக்கு எப்படிடா தெரியும்? பிரிட்டிஷ்காரங்க பாட்டுக்குழுவைப் போய்க் கேளுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவன் முகத்தைப் பார்த்துட்டு அடக்கிக்கிட்டேன்.

"அப்போ வெளிநாட்டுக்காரன் வாயே திறக்கக் கூடாதா? நீ அரசாங்கம் சொல்றதையே சொல்றியே." இதுதான் முதல் கூட்டத்தோட கேள்வி. திறக்கலாம், தாராளமா. அடி வாங்கப்போறவனைக் கேட்டுட்டுத் திறங்கன்னுதான் நான் சொல்றேன். நானாக் கண்டுபிடிச்சதில்ல இது. 2011-ல அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், ஓரினச் சேர்க்கையாளர்களைத் தண்டிக்கிற நாடுகளுக்கு உதவிப் பணத்தைக் குறைப்போம்னு மிரட்டினாரு. அதை முதல்ல எதிர்த்தவங்கள்ல ஆப்பிரிக்காவுல இதே உரிமைக்காகப் போராடிக்கிட்டு இருந்தவங்களும் உண்டு. கூட்டறிக்கையே விட்டாங்க: ஆஸ்பத்திரிக்கு வர்ற பணம் நின்னா நாங்களும்தான் சாவோம், ஊர்க்காரங்க பழியையும் எங்க தலையிலதான் போடுவாங்கன்னு. அந்தக் கண்டத்துல உகாண்டா 2023 மே மாசம் மரண தண்டனை வரைக்கும் போயிடுச்சு. அங்க மாட்டிக்கிட்டவனுக்கு வெளியே இருந்து உதவி வேணாம்னு நான் சொல்வேனா? மூளை இருக்கறவங்க யோசிங்க.

ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா மாநிலத்தைப் பாருங்க. நிக் டூனன்னு ஒருத்தர், அந்த ஊர்க்காரர், தன் சொந்த மாநிலச் சட்டத்தை எதிர்த்து ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனாரு. 1994-ல அவர் பக்கம் முடிவு வந்துச்சு, 1997-ல டாஸ்மேனியா சட்டத்தை எடுத்துடுச்சு. இலங்கையில ஒரு பெண் இதே மாதிரி ஐ.நா.வுல பெண்களுக்கான குழுவுக்குப் போய் 2022-ல ஜெயிச்சாங்க. சட்டம் இன்னும் போகல, ஆனா 2023 மே மாசம் அங்க உச்ச நீதிமன்றமே அதை நீக்கற மசோதா அரசியலமைப்புக்கு விரோதமில்லன்னு சொல்லிடுச்சு. ரெண்டுலயும் உள்ளூர் ஆள் முன்னாடி நடந்தாங்க, உலகம் பின்னாடி நின்னுச்சு. நம்ம ஊர்லயே நெகிரி செம்பிலான்ல மூணு திருநங்கைகள், பெண் உடை உடுத்தறதைத் தண்டிக்கிற ஷரியா சட்டத்தை எதிர்த்து 2014-ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துல ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் கூட்டரசு நீதிமன்றம் நடைமுறைக் கோளாறுன்னு தட்டி விட்டுடுச்சு. அவங்க பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? ஹீலி பேரு எல்லாருக்கும் தெரியும் லா.

சரி. இப்ப ரெண்டாவது கூட்டம். "நம்ம நாடு, நம்ம சட்டம், இறையாண்மை." உங்களுக்குப் பொறுமையா பதில் சொல்லணும்னுதான் உட்கார்ந்தேன். முடியல.

எந்த இறையாண்மை? இந்தச் சட்டம், 377-ஆவது பிரிவு, வெள்ளைக்காரன் எழுதி வச்சுட்டுப் போனதுன்னு நூறு தடவை சொல்லியாச்சு, அதை விடுங்க. நம்ம பிரதமர் அன்வாரையே எடுத்துக்கங்க. இதே சட்டத்துலதான் அவரை ரெண்டு தடவை உள்ள தள்ளினாங்க. அன்னைக்கு மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி அவரை மனசாட்சிக் கைதின்னுச்சு, அமெரிக்கா கண்டிச்சுச்சு. நீங்களும் நானும் கை தட்டினோம். "எங்க உள்நாட்டு விவகாரத்துல தலையிடாதே"ன்னு அன்வார் அப்ப சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல. 2023 ஜனவரியில அவரே சொன்னாரு, தன் ஆட்சியில ஓரினச் சேர்க்கையாளர்களை ஒருநாளும் அங்கீகரிக்க மாட்டாராம். 2016-ல ரோஹிங்கியாக்களுக்காக அப்போதைய பிரதமர் நஜிப் ஸ்டேடியத்துல கூட்டம் போட்டு மியான்மாரைத் திட்டினாரு. சரியாத்தான் திட்டினாரு. அன்னைக்கு மியான்மாருக்கு இறையாண்மை இல்லையா?

"அதுவும் இதுவும் ஒண்ணா? அது உயிர்ப் பிரச்சினை"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. 2018-ல திரங்கானு மாநிலத்துல, பெண்ணோட பெண் உறவுன்னு சொல்லி ரெண்டு பெண்களை நூறு பேர் பார்க்கப் பிரம்பால அடிச்சாங்க. உயிர் போனாத்தான் பேசலாம்னா எழுதிக் கொடுத்துடுங்க, காத்திருக்கோம்.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. முகம் தெரியாதவங்க என்ன வேணா எழுதிட்டுப் போகட்டும். நேத்து என்னைத் தூங்க விடாதது என் சொந்த மாமா எழுதின ஒரு வரி. "இது நம்ம நாட்டு உள்விவகாரம். வெளியாளுக்கு இங்க என்ன வேலை?"

மாமா, 2009 மே மாசம் நம்ம வீட்டுக் கூடத்துல தொலைக்காட்சி முன்னாடி நீங்க தலையில அடிச்சுக்கிட்டு அழுதீங்க. உலகம் பார்த்துக்கிட்டு இருக்கேன்னு அழுதீங்க. அப்புறம் ஜெனீவாவுல ஐ.நா. தீர்மானம் வந்தப்பல்லாம் மனுவுல கையெழுத்து வாங்க என்னை வீடு வீடா அனுப்பினீங்க. கொழும்பு அப்ப ஜெனீவாவுல என்ன சொல்லிச்சுன்னு ஞாபகம் இருக்கா? எங்க இறையாண்மை, நாங்களே பார்த்துக்கறோம், வெளியாள் வேணாம். உங்க வரிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பேச்சைக் கேட்டு நீங்க செருப்பை எடுத்து டிவி மேல வீசப் போனதைத் தடுத்தவ நான்.

தமிழனுக்கு அடி விழுந்தா உலகம் வரணும், நம்ம வீட்டுப் பையனுக்கு விழுந்தா கதவைச் சாத்திக்கணும். அப்படித்தானே? உங்க வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு அவனை மட்டும் கூப்பிடல. பொண்ணுக்கு ரவிக்கை தைச்சுக் கொடுத்தது யாருன்னு கேட்டவங்ககிட்ட, கடையில கொடுத்தோம்னு சொன்னீங்க. அப்பக்கூட நான் ஒண்ணும் பேசல.

பின்னூட்டத்தை மூட மாட்டேன். மாமா பதில் எழுதினாலும் அழிக்க மாட்டேன், எழுதட்டும். மத்தவங்களுக்கு ஒண்ணு மட்டும்: தம்பி யாரு, எந்த ஊருன்னு கேட்டு இன்பாக்ஸ் பக்கம் வராதீங்க. நல்ல மனசோட கேட்டாலும் சொல்ல மாட்டேன்.